தம்பி அழிக்காமல் விட்ட மிச்சப் பாட்டு

என் கொழுந்தனார் போய் ஓர் ஆண்டு திரும்பிவிட்டது. தலைத் திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் போடுகிறோம், பெரியம்மா, நீங்களும் பேச வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இந்த மலரை வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அதனால் பழைய டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறேன். பேத்தி பிற்பாடு கேட்டு, என் பேச்சை அச்சுக்குத் தகுந்தபடி சீர் பண்ணி எழுதுவாள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இருந்த நாள் முழுக்க நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன், வாங்க போங்க என்றுதான் பேசினேன். இங்கேயும் அவர் தம்பிதான்.

துக்கமான கட்டுரை வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டிருக்க வேண்டும். தம்பியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு.

அவர் பிறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றங்கரை ஊர். என் வீட்டுக்காரருக்கு அடுத்துப் பிறந்தவை தங்காமல், ரொம்ப நாள் கழித்துத் தங்கிய பிள்ளை. மாமனார் சீக்கிரமே போய்விட்டார். நிலம் கைமாறியது, தம்பியின் படிப்பும் அதோடு நின்றது. மன்னார்குடியில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவார், கல்யாண வீட்டில் உட்கார்ந்து இசைத்தட்டு மாற்றுவார். அந்தத் தட்டுகளை அவர் தொடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் மட்டும் விரல் படும். பிறந்த குழந்தையைக்கூட நாங்கள் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

என் வீட்டுக்காரர் அதற்குள் பஹ்ரைனுக்குப் போய், மனாமாவில் குதைபியா என்கிற பகுதியில் ஒரு லாண்டரி கடையை எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தார். எண்ணெய்ப் பணம் கொழித்த எழுபதுகளின் காலம் அது. எங்கே பார்த்தாலும் கட்டடம், எங்கே பார்த்தாலும் அழுக்குச் சட்டை. தொழில் நன்றாக ஓடியது. என்னை வரவழைத்தார், பிறகு தம்பியை வரவழைத்தார். இஸ்திரி போட ஆள் வேண்டும், அது சொந்தத் தம்பியாக இருந்தால் நல்லது என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பிப்போனது. எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு பாட்டுக் கடை இருந்தது. சுவர் முழுக்க இசைத்தட்டு அடுக்கியிருக்கும். வருகிறவர்கள் தட்டைக் காட்டிவிட்டுப் போனால், மறுநாள் அதைக் கேசட்டில் பதிந்து வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். ஊரை விட்டுப் போகிற அமெரிக்கர்களும் வெள்ளைக்காரர்களும் வீட்டுச் சாமானோடு தட்டுகளையும் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி வந்து சேர்ந்த தட்டுகளில்தான் பிக் பேண்டு என்று அவர்கள் சொல்கிற பெரிய பேண்டு இருந்தது. அட்டையில் ஒரே மாதிரி கோட்டுப் போட்ட ஆட்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசை முழுக்க சாக்ஸபோன், அதற்குப் பின்னால் நீட்டி மடக்குகிற குழல், எல்லாருக்கும் மேலே ட்ரம்பெட். எல்லாரும் ஒன்றாக ஊதினால் எங்கள் கடைக் கண்ணாடி அதிரும்.

தம்பி இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்துவிட்டு எதிர்க் கடையைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பாட்டு முடியும்போது சட்டையும் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். முதுகில் முக்கோணமாக ஓட்டை.

"உன் தம்பி பண்ண வேலையப் பாரு."

நல்லது செய்தால் "என் தம்பி", தப்புச் செய்தால் "உன் தம்பி". கடைசி வரைக்கும் அவர் அப்படித்தான்.

பாட்டுக் கடை முதலாளி வயதான பஹ்ரைனி. நாங்கள் ஹாஜி என்போம். எங்கள் கடையில் சட்டை தீய்ந்த வாசனை அடிக்கடி வருவதைப் பார்த்து அவரே ஒருநாள் வந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடுவது ஓட்டை இந்திதான்.

"பாய், யே ஆத்மி உன் துக்கான்ல இருந்தா உன் துக்கான் கலாஸ்," என்றார். இந்த ஆள் இருந்தால் உன் கடை காலி என்று அர்த்தம். "எனக்குக் கொடு."

"எடுத்துக்குங்க ஹாஜி," என்றார் என் வீட்டுக்காரர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இப்படித் தம்பி எதிர்க் கடைக்குப் போனார். அவர் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கன் வந்து வாயால் இரண்டு சுரம் முனகினால் போதும், எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். மத்தியானம் சாப்பிட வந்தால் எனக்குப் பாடம் நடக்கும். இது பெரிய பேண்டு அண்ணி, இது ரிதம் அண்ட் ப்ளூஸ் அண்ணி என்பார்.

"ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"

"பெரிய பேண்டு கல்யாண ஊர்வலம் மாதிரி அண்ணி, தெருவே எந்திரிச்சு வரும். ரிதம் அண்ட் ப்ளூஸ்னா கஷ்டத்தச் சொல்லிக்கிட்டே இடுப்ப ஆட்டுறது."

"அது நாங்க தெனம் அடுப்படியில செய்றதுதானே."

"அதனாலதான் உங்களுக்குப் புடிக்கும்," என்றார். பிடித்துத்தான் போனது. சப்பாத்திக்கு மாவு பிசைய அதைவிட நல்ல பாட்டு இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் தம்பியைச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப்புக்கு லீவு. சைட்டில் கம்பி கட்டுகிற, சாரம் ஏறுகிற நம் ஊர் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் மனாமாவுக்கு வருவார்கள். பாதிப் பேர் என்னைப் போல எழுத்து வாசனை இல்லாதவர்கள். கடிதம் எழுத இன்னொருவனைக் கெஞ்ச வேண்டும், மனைவிக்குச் சொல்வதை அவனிடம் சொல்ல வேண்டும். தம்பிதான் ஒரு வழி பண்ணினார். கடையிலிருந்து டேப் ரிக்கார்டரை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து வைத்தார். பேசிவிட்டுப் போங்கள், லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்து அனுப்பலாம், ஊரிலிருந்து அவர்களும் பேசி அனுப்புவார்கள் என்றார்.

எங்கள் ஜன்னல் ஏசி லாரி மாதிரி உறுமும். அது ஓடினால் டேப்பில் ஏசிதான் பேசும், ஆள் பேச மாட்டான். அதனால் பதியும்போது ஏசியை நிறுத்திவிடுவோம். பஹ்ரைன் வெயிலில், மூடின அறையில், ஏசி இல்லாமல் எவ்வளவு நேரம் பேச முடியும்? ஒருவர் இந்தியாவுக்கே கேட்கட்டும் என்று கத்துவார். ஒருவர் மாடு கன்று, வாய்க்கால், மேலத் தெரு வழக்கு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் மனைவி பெயருக்கு வரும்போது வேர்த்து ஊற்றி, "சரி, மத்தது நேர்ல," என்று எழுந்துவிடுவார். கேசட்டில் பாதிகூட நிரம்பாது.

கேசட்டும் புதிது கிடையாது. பதியும்போது முன்னால் கொஞ்சம் இரைச்சல் விழுந்துவிட்டது, கேட்டவர் வாங்க வரவில்லை என்று ஹாஜி தூக்கிப் போடச் சொன்ன கேசட்டுகள். தம்பி அதில் முன்பகுதி மேல் இவர்கள் பேச்சைப் பதிவார். பின்னால் இருக்கிற பாட்டை அழிக்க மாட்டார்.

"அழிச்சிட்டுக் குடுங்களேன் தம்பி," என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"எதுக்கு அண்ணி அழிக்கணும்? கேக்கட்டும். நல்ல பாட்டுதானே."

இப்படியாகப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கம் எத்தனையோ வீடுகளில், மகன் குரல் முடிந்த இடத்தில் அமெரிக்கப் பேண்டு எழுந்து முழங்கியது.

மாரிமுத்து என்று ஓர் ஆள். அறந்தாங்கிக்குத் தெற்கே சொந்த ஊர், சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. அப்பா இல்லை. ஆத்தாவும் தங்கையும் ஊரில். தங்கைக்குப் பரிசம் போட்டாயிற்று. மாப்பிள்ளை பக்கத்து ஊர், அவர் வீட்டில் அரிசி மில் இருந்தது, அந்த வட்டாரத்திலேயே டேப் ரிக்கார்டர் இருந்ததும் அந்த மில்லில்தான். மாரிமுத்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டு, ஆத்தாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, "அப்ப வெச்சிர்றேன்," என்று முடித்தார். எனக்கே கண் கலங்கியது. கேசட் ஊருக்குப் போனது.

லீவில் போன இன்னொருவரின் டேப்பில் ஆத்தா பேசி அனுப்பிய பதில் கேசட் வந்தபோது மாரிமுத்து சாப்பாட்டைக்கூடத் தள்ளி வைத்துவிட்டுப் போடச் சொன்னார். ஆத்தாவின் குரல் வந்தது.

"நீ சொன்னதெல்லாம் கேட்டோம். சொல்லாததையும் கேட்டோம்."

நடந்தது இதுதான். மில் முற்றத்தில் இரண்டு ஊர் ஆட்களும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். "அப்ப வெச்சிர்றேன்," என்று மாரிமுத்து சொன்ன அந்த நிமிஷமே ஒரு பெண் சிரித்திருக்கிறாள். பிறகு கிளாஸ் மோதுகிற சத்தம், ஆம்பளைகள் கைதட்டு, அந்தப் பெண்ணின் பாட்டு, மறுபடி சிரிப்பு. ஏதோ ஒரு ஹாலில் ஆட்கள் முன்னால் பாடிப் பதிந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டு அது. மில் முற்றத்தில் இருந்தவர்களுக்கு அது தட்டு என்று எப்படித் தெரியும்? ஆத்தாவிடம் பேசி முடித்த கையோடு பையன் குடிக்கவும் கூத்தடிக்கவும் வெள்ளைக்காரியோடு உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். அண்ணன் இப்படியென்றால் குடும்பம் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் பரிசத்தைத் திருப்பிவிட்டார்கள்.

"உன் தங்கச்சி மூஞ்சியப் பாக்க முடியலடா," என்று ஆத்தா முடித்தார். அந்தக் கேசட்டில் மிச்சப் பாட்டு இல்லை. இரைச்சல்தான் ஓடியது.

மாரிமுத்து கத்தியிருந்தால் தேவலை. "அண்ணே, நான் என்னண்ணே பண்ணேன்?" என்று மட்டும் தம்பியைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "உன் தம்பி," என்று ஆரம்பித்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் மேலே சொல்லவில்லை.

அந்த வாரம் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. எதிர்க் கடையில் பாட்டுக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே அண்ணி என்று ஒன்றையே சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏசியை அவரே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த முறை பேசப்போவது அவர். கடையிலிருந்து தட்டுச் சுற்றுகிற பெட்டியும் வந்திருந்தது.

"அண்ணி, மொதல்ல நீங்க பேசுங்க. பொம்பள குரல் கேட்டா நம்புவாங்க."

"பொம்பள குரல் கேட்டுத்தானே தம்பி கெட்டுச்சு."

ஆனாலும் பேசினேன். மாரிமுத்து தங்கமான பிள்ளை, என் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினான், நான்தான் சோறு போட்டேன், இங்கே இருக்கிற ஒரே பொம்பளை நான்தான், எனக்குப் பாட வராது என்றேன். பிறகு தம்பி பேசினார்.

"அம்மா, தப்பு என்னுது. நீங்க கேட்டது மனுசி இல்ல, இசைத்தட்டு. இப்பப் போடுறேன், கேளுங்க. சிரிக்கிறாளா? நிறுத்திட்டேன். மறுபடி போடுறேன். சிரிக்கிறாளா? இன்னொரு தடவ. பாத்தீங்களா, மூணு தடவயும் அச்சு மாறாம ஒரே சிரிப்பு. நெசமான பொம்பள மூணு தடவ ஒரே மாதிரி சிரிக்க மாட்டா. வேணும்னா எங்க அண்ணியச் சிரிக்கச் சொல்றேன்."

நான் சிரித்தேன். மாரிமுத்துவும் சிரித்துவிட்டார், அத்தனை துக்கத்திலும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பியால் முடியவில்லை. "இதுக்கு அப்பன் ஒண்ணு இருக்கும்மா, பெரிய பேண்டுன்னு பேரு," என்று வேறு தட்டை வைத்தார். இப்ப சாக்ஸபோன் வரும், இப்ப நீட்டுக் குழல் வரும், இப்ப எல்லாரும் அடங்குவாங்க, ஒரு ட்ரம்பெட்காரன் மட்டும் தனியா எந்திரிப்பான், கேளுங்க என்று கூடவே பேசிக்கொண்டு போனார். அந்த ட்ரம்பெட் ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. டக்கென்று கேசட் நின்றது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு கேசட் முழுக்கப் பேச்சால் நிரம்பியது. பாட்டுக்கு இடம் போதவில்லை.

பதில் வருகிற வரைக்கும் மாரிமுத்துவைவிடத் தம்பிதான் தவித்தார். வந்தது. ஆத்தாவின் குரல் தெளிந்திருந்தது.

"எப்பா, மில்லுக்காரரு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. தப்பா நெனச்சுட்டோம், பேசினபடி முடிச்சிருவோம்னு ஆளு அனுப்பிட்டாரு. ஆனா இவ முடியாதுங்கிறா. ஒரு சத்தத்தக் கேட்டதுக்கே ஓடினவுக, நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா நிப்பாகளாங்கிறா. நான் என்னத்தச் சொல்ல? இனி யாரு வருவா?"

தம்பி தலையில் கைவைத்தார். ஆத்தாவுக்கு டேப்பை நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது, அது ஓடிக்கொண்டேயிருந்தது. ஆடு கத்தியது. பிறகு ஓர் இளம் பெண்ணின் குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து.

"ஆத்தா, அந்த ஆளுகிட்டச் சொல்லு. கடைசியா ஒருத்தன் தனியா ஏறிக்கிட்டே போனானே, அவன் எறங்குனானா இல்லையா? மிச்சத்த அனுப்பச் சொல்லு."

"ஏண்டி, இருக்கிற கேவலம் போதாதா?"

"சொல்லு ஆத்தா."

அந்த இடத்தைத் தம்பி திரும்பப் போட்டுக் கேட்டார். மூன்றாவது முறை போட்டபோது நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அனுப்பிருவோம் அண்ணி," என்றார் தம்பி.

"அனுப்ப வேணாம் தம்பி. லீவு வருதுல்ல, நாம கொண்டுபோயிக் குடுப்போம்."

மாரிமுத்துவிடம் முறையாகப் பெண் கேட்டோம். "நீங்க எடுத்துக்கிட்டா எனக்குச் சந்தோசம்ணே. ஆனா அவ சொல்றதுதான். எங்க வீட்டுல எப்பவுமே அவ சொல்றதுதான்," என்றார். சனம், உறவுமுறை எல்லாம் விசாரித்தோம், ஒத்துவந்தது.

ஹாஜி அந்தத் தட்டைத் தம்பிக்கே கொடுத்துவிட்டார். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டியும் வாங்கினோம். ப்ளேனில் தட்டு மடியிலேயே வந்தது. பம்பாயில் இறங்கி ரயில் ஏறினோம், அங்கேயும் மடியில். கஸ்டம்ஸ்காரர் கேட்டபோதுகூட, ஓரத்தைப் பிடிங்க சார் என்று சொல்லித்தான் கொடுத்தார். அறந்தாங்கி பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடி இருக்குமே, அது பெஞ்சு மாதிரி தட்டையாக இருந்தது. யாரும் மிதிக்க மாட்டார்கள், வளையாது என்று தட்டை அதன் மேல் படுக்க வைத்தார். லாண்டரியில் இஸ்திரிப் பெட்டி பக்கமே தட்டைக் கொண்டுவராதே என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன மனிதர். பெண் நினைப்பில் என்ஜின் சுடும் என்பது மறந்துபோனது.

பெண் வீட்டில் பாய் விரித்து, பஜ்ஜி காபி எல்லாம் கொடுத்தார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றது, அந்தச் சிரிப்புச் சத்தக்காரர் யார் என்று பார்க்க. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வழக்கப்படி ஆரம்பித்தார்.

"பொண்ணு நல்லாப் பாடும். ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் அப்பறம் பாடுறேன் பெரியப்பா. மொதல்ல அவுக மிச்சத்தப் போடட்டும்."

தம்பி உறையிலிருந்து தட்டை எடுத்தார். அப்பளம் எண்ணெயில் போட்டால் எப்படி வளையும், அப்படி வளைந்திருந்தது. அப்படியே பெட்டியில் வைத்தார். முள் அலை மேல் ஏறுகிற படகு மாதிரி ஏறி இறங்கியது. கிணற்றுக்குள் விழுந்த பேண்டு மாதிரி ஒரு சத்தம். சரியாக அந்த ட்ரம்பெட் எழுகிற இடத்தில் முள் சறுக்கித் தட்டை விட்டே வெளியே போய்விட்டது.

வாசலில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கூரை ஓடுகளை எண்ணுவது போல மேலே பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். கெடுத்த கல்யாணத்தை நேராக்க இத்தனை தூரம் வந்து, கடைசி அடியில் இப்படி ஆகிவிட்டதே.

தம்பி பெட்டியை மூடினார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். பாட ஆரம்பித்தார்.

பாட்டு என்றால் வார்த்தை கிடையாது. வாயாலேயே சாக்ஸபோன், வாயாலேயே நீட்டுக் குழல், காலால் தாளம். பஜ்ஜித் தட்டில் விரலால் தட்டி ட்ரம். பிறகு எல்லாம் அடங்கி அந்தத் தனி ட்ரம்பெட். ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஏறினார், குரல் கீச்சென்று உடைந்தது, உடைந்த குரலிலேயே மேலே போனார். கேசட் நின்ற அந்த இடம் வந்தது, எங்களுக்கே தெரிந்தது. அதைத் தாண்டி ஒரு மூச்சு உச்சியில் நின்றார். அப்புறம் கோபுரத்திலிருந்து புறா சுற்றிச் சுற்றி இறங்குவது போல இறங்கிவந்து, பெட்டி மூடியில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி முடித்தார்.

கதவுக்குப் பின்னால் இருந்த பெண் வெளியே வந்து நின்றாள்.

"எறங்கிட்டான்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று தடவை கேட்டாலும் ஒரே மாதிரி இருக்காது.

பெண் பார்க்கப் போய் மாப்பிள்ளை பாடின வீடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவள்தான் என் ஓரகத்தி. மாரிமுத்து லீவு கிடைத்து வந்து தாரை வார்த்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை அழைப்பைச் சொல்லாமல் விட்டால் என் ஓரகத்தி கோபிப்பாள். அறந்தாங்கி பேண்டு செட்டு ஊதிக்கொண்டு வந்தது. தம்பி காரில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். அவர்கள் ஊதியது அந்தப் பெரிய பேண்டுப் பாட்டு. மில்லில் இருந்த கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ட்ரம்பெட்காரர் ஏறினார், ஏறினார், கேசட் நின்ற அதே இடத்தில் டக்கென்று நின்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தம்பி மாலையோடு காரை விட்டு இறங்கி, நடுத்தெருவில் நின்று மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"உன் தம்பிய வண்டியில ஏறச் சொல்லு."

கல்யாணத்துக்குப் பிறகு அவளும் குதைபியாவுக்கு வந்தாள். ஒரே அடுப்படியில் இருவரும் பாட்டுக் கேட்டுக்கொண்டே சமைத்தோம். வெள்ளிக்கிழமைப் பேச்சுகள் நிற்கவில்லை. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. பேசி முடித்தவரிடம், "மிச்சம் இருக்கட்டுமா, அழிச்சிரட்டுமா?" என்று தம்பி கேட்பார். என் ஞாபகத்தில் அழிக்கச் சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை. போகப் போக அவள் சொல்லித் தர, பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும், "இதுக்கு மேல வர்றது பாட்டு, நான் இல்ல," என்று சேர்த்துச் சொல்லப் பழகியிருந்தார்கள்.

தம்பி கஷ்டமே பார்க்கவில்லை என்று இல்லை. சைட்டில் விழுந்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டவர்களுக்காக ஹாஜியை அழைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றிருக்கிறார். ஹாஜி மறைந்து கடை கைமாறியபோது வேலை போய், மறுபடி எங்கள் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். அப்போதும் சட்டை தீய்ந்தது. பிறகு நாடு திரும்பி, திருச்சியில் சின்னதாக ஒரு பாட்டுக் கடை வைத்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். யார்மேலும் குரல் உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு பாட்டுக்குத்தான்.

கடைசி மாதங்களில் வாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஓரகத்தி தினமும் சாயங்காலம் அந்தப் பெரிய பேண்டைப் போடுவாள். அவர் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டும். ட்ரம்பெட் ஏறும்போது ஆள்காட்டி விரல் மெல்ல மேலே போகும். உச்சியில் நிற்கும். பிறகு சுற்றிச் சுற்றி இறங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவரும் கண்ணால் சிரிப்பார். போன அன்றைக்கும் சாயங்காலம் பாட்டு ஓடியது. நான் அடுப்படியில் இருந்தேன். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டாருக்கா," என்றாள். பிறகு, "பாதியில விடலக்கா. எறக்கிட்டுத்தான் போனாரு," என்றாள்.

அதுவரைக்கும் பொறுத்திருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

தம்பியைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் தூக்கி எடுத்த நர்ஸ் பெண்ணுக்கும், காடு வரைக்கும் வந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தங்கையைக் கொடுத்தவரும், தோளில் மைத்துனரைச் சுமந்தவருமான மாரிமுத்துவுக்கு நன்றி சொன்னால் அவர் அடிக்க வருவார். இழவு கேட்டு, பழைய கேம்ப் ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அதில் பாதிப் பேர் கையில், பீரோவில் பத்திரமாக வைத்திருந்த ஒரு கேசட் இருந்தது. அவர்கள் குரலும் தம்பி விட்ட மிச்சமும் அதில் இருக்கின்றன. அதைக் கொண்டுவந்து காட்டியதற்கு ஓரகத்தி சார்பில் கும்பிடுகிறேன்.

நான் இப்போது பேசிக்கொண்டிருப்பதும் தம்பியின் பழைய கேசட் ஒன்றில்தான். முன்பகுதியில் மட்டும் என் பேச்சு. ஏசியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன், வேர்க்கிறது, அதனால் முடிக்கிறேன். மிச்சத்தை நான் அழிக்கவில்லை. திவசத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், கூடத்தில் போடுவோம், இறங்குகிற வரைக்கும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

பேத்தி, நீ எழுதுவதை இங்கே நிறுத்திக்கொள். இதுக்கு மேல வர்றது பாட்டு, நான் இல்ல.